பஞ்சிங் என்ற ஒரு சொல்

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி தொழிலில் இருப்பவர்களோடு ஐந்து நிமிடம் பேசினால் போதும், 'பஞ்சிங்' என்ற சொல் காதில் விழுந்துவிடும். "டிசைன் பஞ்சிங் ஆயிட்டா?", "பஞ்சிங் யாருட்ட குடுத்திய?" என்று கேட்பார்கள். காகிதத்தில் வரைந்த ஒரு பூவை, மெஷின் தைக்கக்கூடிய கோப்பாக மாற்றும் வேலைக்கு அந்தப் பெயர். ஆனால் அந்த வேலையில் யாரும் எதையும் குத்துவதில்லை, எதிலும் துளை போடுவதில்லை. கணினி முன் உட்கார்ந்து மவுஸை நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். பிறகு ஏன் இந்தப் பெயர்?

தந்தி அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சொல் சும்மா கடந்துபோகிற சொல் இல்லை. எங்கள் டெலிபிரிண்டரில் காகித நாடா ஓடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து துளைக்கு இடம். எந்த இடத்தில் துளை இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பதை வைத்துத்தான் எழுத்து. சில வருடம் பழகியதும் நாடாவைக் கண்ணால் பார்த்தே ஊர்ப் பெயரைப் படித்துவிடுவோம். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனபோது, அந்தப் படிப்புக்கு இனி ஒரு பயனும் இல்லை என்று நினைத்தேன். அது தையல் மெஷின் பக்கத்தில் வந்து உதவும் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் மருமகள் ஒரு மகளிர் குழுவில் இருக்கிறாள். ஒன்பது பேர் சேர்ந்து வங்கிக் கடன் வாங்கி, வடசேரிப் பக்கம் ஒரு வாடகை அறையில் பொதுத் தையல் கூடம் நடத்துகிறார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்து இறங்கியது. ஒரே தலை, பன்னிரண்டு ஊசி. ஒருவர் தனியாக வாங்க முடியாத விலை என்பதால் ஒன்பது பேருக்கும் முறை வைத்துத்தான் ஓட்டம். மெஷினோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, அதுவும் சீனாவில் எழுதிய ஆங்கிலம். "மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று மருமகள் கூப்பிட்டாள். அப்படித்தான் எனக்கும் ஊசிக்கும் உறவு ஏற்பட்டது.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணத் தையல் மெஷினில் ஊசி ஓரிடத்தில் நின்று மேலும் கீழும் போகும். துணியை நாம் நகர்த்துவோம். இங்கேயும் அதேதான், ஆனால் துணியை ஒரு வளையத்தில் இறுக்கி மாட்டிவிட்டால், அந்த வளையத்தைக் கணினி நகர்த்துகிறது. முன்னும் பின்னும், இடமும் வலமும். நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு தையல். துணி சுருங்காமல் இருக்க அடியில் ஒரு தாள் போன்ற பொருளை வைக்க வேண்டும். தைக்கத் தொடங்கும் முன் டிசைனின் எல்லையை மெஷின் ஒருமுறை ஊசி இறக்காமல் சுற்றிக் காட்டும். அதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினால் ஊசி வளையத்தில் மோதி உடையும். அடிநூல் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மேல்நூலின் இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் பழைய வேட்டித் துணியில் ஆங்கில எழுத்துகளைத் தைத்துத் தைத்துப் பழகினார்கள்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெண் கேட்டாள்: "சார், திரையில ரோஜாப்பூ பச்சையாத் தெரியுது, இலை சிவப்பாத் தெரியுது. மெஷினு கேடா?" கேடு இல்லை. அந்தக் கோப்பின் பெயர் டி.எஸ்.டி. ஜப்பானின் டாஜிமா நிறுவனத்தின் வடிவம். உலகத்தில் பெரும்பாலான எம்பிராய்டரி மெஷின்களும் இன்று அதைப் படிக்கும். அதில் நூலின் நிறமே கிடையாது. 'இங்கே நிறுத்து, நிறத்தை மாற்று' என்ற கட்டளை மட்டும்தான் உண்டு. எந்த நிறம் என்பதை ஓட்டுபவர்தான் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எந்த ஊசி என்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் ஒரு கணினிக் கோப்பு ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கிறது என்று தேடிப் போனேன். பழைய நண்பனைப் பார்த்தேன். காகித நாடா!

டி.எஸ்.டி. உண்மையில் ஒரு துளை நாடா. முன்பு எம்பிராய்டரி மெஷின்களின் பக்கத்தில் ஒரு நாடா படிப்பான் இருக்கும். வரிசைக்கு எட்டுத் துளை, ஒரு தையலுக்கு மூன்று வரிசை. நாடா போய்விட்டது, பென்டிரைவ் வந்துவிட்டது. கோப்பு மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு தையலையும் மூன்று வரிசையாகவே எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நாடாவில் வரிசைக்கும் வரிசைக்கும் இடையே ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தூரம். பன்னிரண்டாயிரம் தையல் உள்ள ஒரு ஜாக்கெட் டிசைனுக்கு முப்பத்தாறாயிரம் வரிசை; கணக்குப் போட்டால் 300 அடி நீளமுள்ள நாடா. நிறத்தை எழுத இடம் எங்கே இருக்கும்?

துளைகளுக்கு மதிப்பு வைத்த விதம் இன்னும் அழகு. பள்ளியில் ஒரு தராசுக் கணக்கு கேட்பார்களே, நினைவிருக்கிறதா? 1, 3, 9, 27 என்று நான்கே படிக்கற்களை வைத்துக்கொண்டு, இரண்டு தட்டிலும் கல் வைக்கலாம் என்றால், 1 முதல் 40 வரை எந்த எடையையும் நிறுக்கலாம். அதோடு 81-ஐச் சேர்த்தால் 121 வரை போகலாம். டி.எஸ்.டி. செய்வது இதே கணக்கைத்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது அளவு. வளையம் 7.4 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால் 74. அதாவது 81-இலிருந்து 9-ஐக் கழி, 3-ஐக் கூட்டு, 1-ஐக் கழி. அதிகபட்சம் 121, அதாவது 12.1 மில்லிமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் இரண்டு மூன்று தாவலாகப் பிரித்துத்தான் போகும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, மளிகைக் கடை வைத்திருந்த வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டாள்.

ஆக, 'பஞ்சிங்' என்பது துளையிட்ட காலத்தின் மிச்சம். ஆனால் அந்தத் துளைக்கு நாடாவையும் விட வயது அதிகம். கொஞ்சம் பின்னால் போவோம்.

பிரான்சின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர்போனது. அங்கே 1725-இல் பசீல் பூஷோன் என்பவர் தறியின் நூல்களைத் தேர்ந்தெடுக்கத் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். இசைப்பெட்டிக் கருவிகள் செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். சில ஆண்டுகளில் ஃபால்கோன் என்பவர் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். 1804-இல் ஜக்கார்டு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, இன்றும் நம் ஊர்ப் பட்டுத் தறிகளில் 'ஜக்கார்டு பெட்டி' என்று சொல்கிற அமைப்பைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அந்த அட்டையைத்தான் எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார். கணினி தையலுக்கு வந்தது என்கிறோம்; துணியிலிருந்து புறப்பட்ட துளை கணினியைச் சுற்றிவிட்டுத் துணிக்கே திரும்பிவந்தது என்பதுதான் சரி.

நெசவில் அட்டை வந்த பிறகும் பூவேலைக்கு அது வர நூறு வருடம் ஆனது. பிரான்சின் முலூஸ் நகரில் ஜோசுவா ஹைல்மன் 1828-இல் செய்த பூவேலை இயந்திரத்தில் அட்டை இல்லை, ஒரு மனிதன் இருந்தான். இரண்டு முனையும் கூராக, நடுவில் காது உள்ள ஊசிகள். துணியின் இரு பக்கமும் ஊசியைக் கவ்வி இழுக்கும் இடுக்கிகள். ஒரு பலகையில் டிசைன் ஆறு மடங்கு பெரிதாக வரையப்பட்டிருக்கும். இயந்திரக்காரர் அதன் மீது ஒரு முள்ளை ஒவ்வொரு தையலாக நகர்த்துவார். ஒரு சட்ட அமைப்பின் மூலம் துணி ஆறில் ஒரு பங்கு நகரும். பல ஊசிகள் ஒரே நேரத்தில் அதே பூவைத் தைக்கும்.

இந்த இயந்திரம் வேரூன்றிய இடம் கிழக்கு சுவிட்சர்லாந்து. செயின்ட் காலன் நகரைச் சுற்றியிருந்த கிராமங்களில் விவசாயிகள் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே இதை நிறுவினார்கள். கணவர் முள்ளை நகர்த்துவார், மனைவியும் பிள்ளைகளும் ஊசி கோப்பார்கள். ஊசியில் போடும் நூல் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் அது தீர்ந்துகொண்டே இருக்கும், கோத்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் முன்னும், வந்த பின்னும் ஊசி கோத்த சுவிஸ் பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோது, சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டிய நம் பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

1863-இல் இசாக் க்ரோப்லி என்ற சுவிஸ்காரர் தையல் மெஷினின் வழியைப் பூவேலைக்குக் கொண்டுவந்தார். நீளமான மேல்நூல், அடியில் படகு வடிவிலான ஓடம். 'ஷிஃப்லி', அதாவது சின்னப் படகு, என்றே அந்த இயந்திரத்துக்குப் பெயர் வந்தது. ஊசி கோக்கும் வேலை வெகுவாகக் குறைந்தது. 1898-இல் அவருடைய மகன் ஆர்னால்டு க்ரோப்லி துளை அட்டையைப் பொருத்தினார். முள்ளை நகர்த்திய மனிதரின் இடத்தை அட்டை எடுத்துக்கொண்டது. அந்த அட்டையைத் துளைக்கிறவர் என்று ஒரு புதிய தொழிலாளி உருவானார். நம் 'பஞ்சிங்' பிறந்த இடம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதுவரை எந்தத் தையலை எங்கே போடுவது என்ற அறிவு, இயந்திரத்தின் முன் நின்ற ஒவ்வொருவரின் கையிலும் இருந்தது. அட்டை வந்ததும் அது துளைக்கிற ஒருவரின் கைக்குப் போனது. அவர் ஒருமுறை துளைத்தால், அந்த அட்டை எத்தனை இயந்திரத்தில் வேண்டுமானாலும் ஓடும். மற்றவர்கள் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிறவர்களானார்கள். முதல் உலகப் போருக்கு முன் சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய ஏற்றுமதியே இந்தப் பூவேலைதான். போர் வந்தது, பிறகு பெண்களின் உடுப்பு மோகம் மாறியது, தொழில் சரிந்தது. 1920-களில் உபரி இயந்திரங்களை உடைத்துப் போடவே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது வேகமாகச் சொல்லக்கூடிய கதை. ஜப்பானில் பல தலை மெஷின்கள் வந்தன. அட்டைக்குப் பதில் நாடா வந்தது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கணினித் திரையிலேயே டிசைனைத் தையலாக மாற்றும் முறைகள் வந்தன. இன்று நம் ஊர்க் கடைகளில் அடிபடும் 'வில்காம்' என்ற மென்பொருள் சிட்னியில் பிறந்தது. துளை மறைந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். துளைக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள உறவு க்ரோப்லிக்கும் முந்தையது. லண்டன் மிஷன் சார்பில் 1819-இல் இங்கு வந்த சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பழையவர்கள் 'ரேந்தை' என்பார்களே, அதுதான். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்களுடைய மகள் எலைசாவை மணந்தவர்தான் கால்டுவெல். எலைசா இடையன்குடியில் அதே லேஸ் தொழிலைத் தொடங்கினார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துச் சில பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. நூலும் குண்டூசியும் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த லேஸ் பின்னுவதற்கு ஒரு திண்டுத் தலையணை, அதன் மேல் ஒரு அட்டை. அட்டையில் டிசைன் முழுவதும் ஊசியால் குத்திய துளைகளாக இருக்கும். துளைதோறும் குண்டூசி நட்டு, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். இந்தத் துளை இயந்திரத்துக்குக் கட்டளை இடும் துளை அல்ல; மனிதக் கண்ணுக்கு வழி காட்டும் துளை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. அட்டை யாரிடம் இருந்ததோ அவரிடம்தான் டிசைன் இருந்தது. மாதிரிகளும் விற்பனையும் பெரும்பாலும் மிஷன் அம்மாமார்களின் பொறுப்பில் இருந்தன. பின்னிய கைகளின் பெயர்கள் எங்கும் பெரிதாகப் பதிவாகவில்லை.

இது ஏதோ இருநூறு வருடத்துப் பழைய செய்தி என்று இருந்துவிட முடியவில்லை. தையல் கூடத்தில் அதே கேள்வி வந்து நின்றது.

மெஷின் வந்த முதல் மூன்று மாதம் டிசைன்களை வெளியில் காசு கொடுத்து வாங்கினார்கள். மயில், யானை, மாங்காய். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அதே மயில் கோட்டாறிலும் இருந்தது, மார்த்தாண்டத்திலும் இருந்தது. எல்லாரிடமும் இருக்கிற டிசைனுக்கு ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய ஊர்களில் இருபது தலை மெஷின் வைத்திருப்பவர்களோடு ஒரு தலை மெஷின் போட்டி போட முடியுமா? மாதத் தவணை கட்டுவதே இழுபறியானது.

குழுவில் மூத்தவர் ஓர் அம்மா. அறுபது கடந்தவர். நாற்பது வருடமாக ஆரி வேலை செய்கிறார். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுகிற வேலை. அவரிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய டிரேசிங் தாள்கள் உண்டு. எல்லாம் அவரே வரைந்து, ஊசியால் குத்தியவை. தாளைத் துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் துளைகளின் மேல் தேய்த்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். இதுவும் துளைதான்! புங்கங்கொத்து, தாழம்பூ மடல், தேர்ச்சக்கரம் என்று எங்கும் காணாத டிசைன்கள்.

"அக்கா, உங்க தாளைக் குடுங்க, நாம பஞ்சிங் பண்ணிரலாம்" என்று இளையவர்கள் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"மக்ளே, நான் குத்துன தாளு என் பொட்டியில இருந்தா அது என்னுது. அந்தக் குச்சியில ஏறிட்டா யாருது?"

குச்சி என்றது பென்டிரைவை. அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. செயின்ட் காலனில் முள்ளைப் பிடித்திருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அவசரப்படாமல் இரண்டு கூட்டம் நடத்தினார்கள். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய வாசகம் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த அம்மாவின் டிசைன் கோப்புகள் கூடத்தின் கணினியில் மட்டும் இருக்கும். யார் அதைத் தைத்தாலும் ஆயிரம் தையலுக்கு ஒரு பங்கு அவருக்குத் தனியாக எழுதப்படும். அவர் சம்மதம் இல்லாமல் வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது. பஞ்சிங் வெளியில் கொடுக்காமல், குழுவிலேயே ஒரு பெண் கற்றுக்கொள்ள வேண்டும். அவள் பக்கத்தில் அந்த அம்மா உட்கார வேண்டும். ஜாக்கெட்டை யாராவது போட்டோ எடுத்துப் போய் வேறு இடத்தில் பஞ்சிங் செய்துகொண்டால் தடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுக் கதவையாவது நாம் சாத்துவோம் என்றார்கள்.

பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எழுதியது பேச்சுக்கு அல்ல. தேர்ச்சக்கரத்தை முதலில் பஞ்சிங் செய்தபோது திரையில் வட்டம் வட்டமாகவே இருந்தது, துணியில் முட்டையாகிவிட்டது. தையல் போகிற திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கும்; நூற்றுக்கணக்கான தையல் சேரும்போது வடிவமே ஒடுங்கும். அந்த அம்மா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "குறுக்கே கொஞ்சம் கொழுக்க விடு" என்றார். மென்பொருளில் அதற்கென்றே ஓர் எண் போடும் கட்டம் இருக்கிறது. எவ்வளவு போடுவது என்பதை அது சொல்லாது. பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு என்பது அவர் விரலில் இருந்தது. பூ மேலெழுந்து தெரிய அடியில் முதலில் ஒரு தளர்ந்த தையல் போட வேண்டும் என்பதும் அவர் கையில் ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். "ஆனா ஒண்ணு, இது ஆரி இல்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்லத் தவறுவதில்லை. உண்மைதான். மெஷின் போடுவது மேல்நூலும் அடிநூலும் பூட்டிக்கொள்ளும் தையல், அவருடையது சங்கிலி. விலையும் வேறு, வேலையும் வேறு. கல்யாண ஜாக்கெட்டுக்கு இன்றும் அவருடைய கொக்கிதான்.

தாழம்பூ மடல் 11,400 தையலில் முடிந்தது. அந்த மாதம் பதினேழு ஜாக்கெட்டில் அது ஏறியது. பங்குத் தொகை பெரிதில்லை. அவர் அதை இருமுறை எண்ணிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த வாரம் தகரப்பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு தாள் வந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தில் பல வீடுகளில் அம்மாவோ பாட்டியோ லேஸ் பின்னியிருப்பார்கள். பரணில், பழைய பெட்டியின் அடியில், துளை துளையாகக் குத்திய மஞ்சளேறிய அட்டை ஏதாவது கிடந்தால், பூச்சி அரித்ததென்று எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் யாருடைய பெயராவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், யார் கை அது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே நீங்கள் எழுதி வையுங்கள்.